பழவேற்காட்டு ஏரியில் கோடைப் படகும் பறவைகளும்: இருவருக்கான வழிகாட்டி

கோடையில் பழவேற்காட்டு ஏரிக்குப் போகும் கணவன் மனைவி, ஓட்டல் அறைக்கும் ரயிலுக்கும் நேரம் பார்ப்பதற்கு முன்னால் காற்றுக்கும் தண்ணீரின் ஆழத்துக்கும் நேரம் பார்க்க வேண்டும். இந்த ஏரியில் நடக்கும் சங்கடங்களில் பெரும்பாலானவை பகல் 11 மணிக்கு மேலும் தண்ணீரில் இருப்பதால் வருபவை. விடிவதற்கு முன் கரையில் நிற்பது, 9 மணிக்குத் திரும்பத் தொடங்குவது, 10 மணிக்குள் கரை ஏறுவது. கீழே வரும் எல்லாம் இந்தக் கணக்கைச் சுற்றித்தான்.

ஏரியின் அமைப்பு

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. தெற்கு முனை தமிழ்நாட்டில் பழவேற்காட்டில் இருக்கிறது. மிச்சப் பெரும்பகுதி ஆந்திரத்தில், தடா, சூலூர்பேட்டைக்குக் கிழக்கே விரிந்து கிடக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீளமான மணல் தீவாக ஸ்ரீஹரிகோட்டா. தெற்கிலிருந்து ஆரணி ஆறும், சூலூர்பேட்டை வழியாகக் காளங்கி ஆறும், வடக்கே சொர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீர் கொண்டுவருகின்றன. கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது.

கோடையில் ஆறுகள் வற்றிவிடும். வெயில் தண்ணீரை உறிஞ்சும். ஏரியின் வடபகுதி காய்ந்து, உப்புப் பூத்த வெள்ளைத் தரையாகிவிடும். மழைக்குப் பின்பும் பெரும்பாலான இடங்களில் ஒரு ஆள் மூழ்காத ஏரி இது. ஏப்ரலில் பல இடங்களில் முழங்கால் அளவுதான் தண்ணீர். வரைபடத்தில் நீல நிறமாகத் தெரிவதெல்லாம் படகு போகும் இடம் என்று நம்பினால் பாதி வழியில் சேற்றில் உட்கார வேண்டிவரும். மார்ச்சுக்குப் பிறகு படகு என்றால் தென்பாதி மட்டும். வடபாதியைச் சாலையிலிருந்து பாருங்கள். பூநாரைகளை அங்கேதான் அருகில் பார்க்க முடியும் என்பதால் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

எந்த மாதம்

பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை நல்ல காலம். வலசை வந்த பறவைகள் இன்னும் புறப்படவில்லை, வெயிலும் தாங்கக்கூடியது. பலர் ஜனவரியைச் சொல்வார்கள். எண்ணிக்கைக்கு ஜனவரி சரிதான். ஆனால் கரைப்பறவைகளை நிறத்தோடு பார்க்க ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களே மேல். குளிர்காலம் முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாகத் திரிந்த வளைமூக்கு உள்ளான் வடதுருவப் பக்கம் போய்க் குஞ்சு பொரிக்கத் தயாராகி, கழுத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறமாகிவிடும். பொன்னிற உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கறுத்துப்போகும். மீசை ஆலாவுக்குக் கறுப்புத் தொப்பியும் கரும்சாம்பல் வயிறும் வந்திருக்கும்.

மே மாதம் போகலாம், ஆனால் ஏன் போகிறீர்கள் என்று இருவரும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வலசைப் பறவைகளில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும், வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதமும் அதுதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏரிக்குள் ஓடும் சிறு படகுகளை இது நிறுத்துவதில்லை. இந்த நாட்களில் கடலுக்குள் ‘டால்பின் காட்டுகிறேன்’ என்று யாராவது கூப்பிட்டால் ஏறாதீர்கள். தடைக்காலம் இல்லாத நாட்களிலும் ஏறாதீர்கள். காரணம் கீழே.

அனுமதியும் எந்தக் கரையும்

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. கரையில் நின்றால் இன்றும் யாராவது மெல்ல வந்து, ‘ஒரு ரவுண்டு போலாமா சார்’ என்பார்கள். பேரம் மலிவாக இருக்கும். உயிர்காப்புச் சட்டை இருக்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். 1613-இல் அவர்கள் கோட்டை கட்டிய ஊர் இது.

படகுக்கு ஆந்திரப் பக்கம் போக வேண்டும். தடாவிலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் ஏரிக்கரையில் பீமுனிவாரிபாலெம் இருக்கிறது. பெயர்ப்பலகைகளில் பி.வி. பாலெம் என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். ஆந்திரச் சுற்றுலாத் துறையின் படகுத்துறை அங்கே உண்டு. தண்ணீர் குறைந்தால் படகை நிறுத்திவிடுவார்கள் என்பதால் போவதற்கு முதல் நாள் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நாளை படகு ஓடுமா, முதல் படகு எத்தனை மணிக்கு, இருவருக்கு மட்டும் தனிப்படகு கிடைக்குமா. முதல் படகே 9 மணிக்குத்தான் என்றால் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். காலையில் சாலையிலிருந்து பறவைகள், 9 மணிக்கு அரை மணி நேரச் சிறு சவாரி, அவ்வளவுதான்.

ஏரியின் பெரும்பகுதி இரண்டு மாநிலங்களிலும் பறவைகள் சரணாலயம். டிரோன் கொண்டுவராதீர்கள். சரணாலயம் என்பதோடு, எதிரே ஸ்ரீஹரிகோட்டாவில் சதீஷ் தவான் விண்வெளி மையம் இருக்கிறது. அந்தத் தீவின் கரையை ஒட்டிப் படகைக் கொண்டுபோகச் சொல்லவும் கூடாது. ராக்கெட் ஏவும் நாட்களில் ஏரியிலும் கடலிலும் படகுகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும், சூலூர்பேட்டைச் சாலையில் கூட்டமும் இருக்கும். தேதி குறிக்கும் முன் ஏவுதல் நாளைப் பார்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகச் சூலூர்பேட்டை வரை மின்சார ரயில் போகிறது. ஆரம்பாக்கம் தமிழ்நாட்டின் கடைசி நிலையம், அடுத்தது தடா. ஆனால் காலை 5 மணிக்கு ஏரிக்கரையில் நிற்க ரயில் உதவாது. முதல் நாள் மாலையே சூலூர்பேட்டைக்கு வந்து, நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் தங்கி, காலைக்கு ஆட்டோவோ காரோ இரவே பேசிவையுங்கள். தடாவிலும் சூலூர்பேட்டையிலும் தமிழ் பேசினால் காரியம் நடக்கும். படகில் மட்டும் சில தெலுங்குச் சொற்கள் கைவசம் இருந்தால் நல்லது: மெல்லகா என்றால் மெதுவாக, ஆபண்டி என்றால் நிறுத்துங்கள், லோது எந்த என்றால் ஆழம் எவ்வளவு. வயது பார்க்காமல் ‘அன்னா’ என்று கூப்பிடுங்கள், தவறாகாது.

முதல் நாள் இரவே

வானிலைத் துறையின் முன்னறிவிப்பையும், ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையத்தின் கடல்நிலை அறிவிப்பையும் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வரும். தெற்கே வெகு தொலைவில் எழுந்த பெருஅலை, இங்கே காற்றே இல்லாத நாளில்கூடக் கரைக்கு வந்து சேரும். ஏரிக்குள் அதன் வேகம் தெரியாது. ஆனால் கடற்கரைப் பக்கம் மணலில் உட்காரும் எண்ணம் இருந்தால் அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை:

- ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், 2 பொட்டலம் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி
- தாடைக்குக் கீழே கட்டும் கயிறு வைத்த தொப்பி, மங்கிய நிறத்தில் முழுக்கைப் பருத்திச் சட்டை
- 8×42 பைனாகுலர், முடிந்தால் ஆளுக்கு ஒன்று
- பின்பக்கம் வாருள்ள, நனையலாம் என்ற செருப்பு
- கைபேசிக்கு நீர்புகா உறை, விசில், சிறு டார்ச்
- ஒரு டெட்டால் புட்டி, காயத்துக்கு ஒட்டும் பட்டி, சாமணம்

10 மடங்கு பைனாகுலர் கடையில் கவர்ச்சியாக இருக்கும். படகின் ஆட்டத்தில் அது உங்கள் கைநடுக்கத்தையும் 10 மடங்கு ஆக்கும். 8 போதும். முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி இருந்தால் வண்டியிலேயே இருக்கட்டும், சாலைக்குத்தான் அது.

சாப்பாடு தயிர்சாதமோ, புட்டியில் ஊற்றிய கம்மங்கூழோ போதும். எண்ணெய்ப் பலகாரம் வெயிலில் தாகத்தைக் கூட்டும்.

கழிப்பறை பற்றியும் பேச வேண்டும். படகில் அந்த வசதி கிடையாது, தீவுக் கரைகளில் மறைவும் கிடையாது. இதனாலேயே பெண்கள் பலர் முதல் நாள் இரவிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். 35 டிகிரி வெயிலில் தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் அதுவே காரணமாகிறது. தண்ணீரைக் குறைக்காமல் நேரத்தைக் குறையுங்கள். விடுதியை விட்டுக் கிளம்பும்போது ஒருமுறை போய்வந்து, படகில் இருக்கும் நேரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டால் இருவருக்கும் சிரமமில்லை.

ஏறுவதற்கு முன் படகைப் பாருங்கள்

படகுக்காரரைச் சந்தேகிப்பதுபோல் இருக்குமே என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல படகுக்காரர் நீங்கள் கேட்பதற்கு முன்பே காட்டுவார்.

முதலில் உயிர்காப்புச் சட்டை. போட்டு எல்லாக் கொக்கிகளையும் மாட்டிய பின், துணைவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காது வரை ஏறினால் அது பெரியது. தண்ணீரில் அது மேலே போகும், நீங்கள் கீழே போவீர்கள். உள்ளே இருக்கும் பஞ்சை அழுத்திப் பாருங்கள், நொறுங்கினாலோ ஈரம் கசிந்தாலோ வேறு கேளுங்கள். புழுங்குகிறது என்று மடியில் வைத்துக்கொள்ளும் சட்டை கவிழும் நேரத்தில் கைக்கு வராது.

அடுத்து விளிம்பு. எல்லோரும் ஏறிய பின் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு முழம் இருந்தால் நல்லது. ஒரு சாணுக்குக் குறைந்தால் இறங்கிவிடுங்கள். ‘இன்னும் இரண்டு பேர்தான் சார், ஒரே பக்கம் போறாங்க’ என்பது ஏற்றுக்கொள்ளக் கூடாத பேச்சு.

பிறகு உள்ளே பாருங்கள். ஆழம் பார்க்கவும் தள்ளவும் நீளமான மூங்கில் கழி, ஒரு துடுப்பு, தண்ணீர் இறைக்க வாளி, கயிறு கட்டிய நங்கூரம், மிச்ச எரிபொருள். கழி இல்லாத படகில் கோடையில் ஏறவே வேண்டாம். எஞ்சின் இருந்தும் தரைதட்டி நிற்கும் படகைக் கழிதான் மீட்கும். எஞ்சினின் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் சிறு பின் ஒன்று உண்டு. விசிறி தரையிலோ கழியிலோ இடித்தால் எஞ்சின் உடையாமல் அந்தப் பின் முறிந்துவிடும்படி செய்திருப்பார்கள். உபரிப் பின் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே படகுக்காரர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

பாய் கட்டிய படகு கிடைத்தால்

ஆந்திரக் கரையில் மீனவர்கள் அடிதட்டையான மரப்படகில் பாய் கட்டி ஓட்டுவதைப் பார்க்கலாம். எஞ்சின் சத்தம் இல்லாததால் பறவை பார்க்க அதைவிட உத்தமமான படகு கிடையாது. பயணிகளை ஏற்ற அனுமதி இருக்கிறதா என்று கேட்ட பிறகே ஏறுங்கள். அதன் குணமும் தெரிந்திருக்க வேண்டும்.

அடிதட்டைப் படகுக்குத் தண்ணீருக்குள் பிடிமானம் குறைவு. காற்று பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ அடித்தால் நன்றாக ஓடும், காற்றை எதிர்த்துத் திருப்பினால் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போகும். எதிர்காற்றில் பாயை இறக்கிக் கழியால் தள்ளுவதுதான் வழி. ஆகவே வரும்போது எந்தக் காற்று இருக்கும் என்பதைப் பார்த்துத்தான் போகும் தூரத்தை முடிவு செய்ய வேண்டும்.

இங்கே கோடையின் இயல்பு உங்களுக்குச் சாதகம். விடியற்காலையில் நிலத்திலிருந்து மெல்லிய மேல்காற்று வீசும், படகு கிழக்கே போகும். 11 மணியிலிருந்து 1 மணிக்குள் தரை சூடேறிக் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து புகும், அது மேற்குக் கரைக்கே தள்ளும். நடுவில் 9 மணிவாக்கில் காற்று செத்துப்போகும் நேரம் ஒன்று உண்டு. அப்போது பாயை நம்பினால் வெயிலில் மிதந்துகொண்டிருக்க வேண்டியதுதான். கழி ஊன்றித் திரும்பும் தூரத்திலேயே இருங்கள். கடற்காற்று வரட்டும், அதில் ஏறி வரலாம் என்று காத்திருப்பது அனுபவமுள்ள மீனவருக்குச் சரி, புதியவருக்கு அல்ல. ஆழமில்லாத அகன்ற ஏரியில் காற்று எழுப்பும் அலை உயரம் குறைவாக இருந்தாலும் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். ஒன்றைச் சமாளிப்பதற்குள் அடுத்தது வந்து அடிக்கும்.

பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை ஓட்டுபவர் கையிலேயே வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டால் திடீர்க் காற்றில் தளர்த்த நேரமிருக்காது, படகு சாயும். கையில் இருந்தால் விட்டுவிடலாம், பாய் படபடக்கும், படகு நிமிரும். நீங்கள் இருவரும் காற்று வரும் பக்கமாக அமர்ந்திருங்கள். பாயைப் பக்கம் மாற்றும்போது அதன் கட்டை தலைமட்டத்தில் வீசிக்கொண்டு வரும். படகுக்காரர் குரல் கொடுத்தால் முதலில் குனியுங்கள், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

தண்ணீரில்

எஞ்சின் படகில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் உட்காருங்கள். ஒரு பறவையைப் பார்த்ததும் இருவரும் ஒரே பக்கம் சாய்வதுதான் சிறு படகில் நடக்கும் மிகச் சாதாரணமான தவறு. ஒருவர் பைனாகுலரில் கண் வைத்தால் மற்றவர் படகைப் பார்த்துக்கொள்ளட்டும். நேரம், காற்று, தண்ணீர்ப் புட்டி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் கழி எல்லாம் அவர் பொறுப்பு. கால்மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். எழுந்து நிற்க யாருக்கும் அனுமதி இல்லை.

மேற்குக் கரையிலிருந்து கிழக்கே போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும், பறவைகள் நிழலுருவமாகத்தான் தெரியும். போகும் வழியில் நின்று நின்று பார்த்து நேரத்தைக் கரைக்காதீர்கள். நேராகப் போய், எட்ட வேண்டிய இடத்தை எட்டி, திரும்பி நின்றுகொண்டு பாருங்கள். முதுகில் வெயில், முன்னால் முழு நிறத்தோடு பறவைகள். 9 மணிக்கு மேல் வெப்ப அலையாட்டத்தில் தூரத்துப் பறவை எல்லாம் நெளியும், அதற்கு மேல் புகைப்படம் எடுத்துப் பயனில்லை.

வழியில் வரிசையாக மூங்கில் நட்டு வலை கட்டியிருக்கும். ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைக் குழுக்களுக்கு முறைவைத்துப் பங்கிடும் ‘பாடு’ என்ற பழைய ஏற்பாடு இங்கே உண்டு. அந்த நாளுக்கு அந்த இடம் ஒருவருடைய வயிற்றுப்பாடு. வலையைக் குறுக்கே வெட்டிப் போகச் சொல்லாதீர்கள். வலை விசிறியில் சுற்றினால் அவருக்கும் நஷ்டம், உங்களுக்கும் அரை மணி நேரம் போகும். சுற்றிவிட்டால் எஞ்சினை நிறுத்தி மேலே சாய்த்துக் கையால் பின்னோக்கிச் சுழற்றி எடுக்க வேண்டும். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பது சுருக்கை இறுக்கவே செய்யும்.

தரைதட்டினால் பதற்றம் வேண்டாம். எஞ்சினை உடனே அணைத்துத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சேறு உறிஞ்சிச் சூடாகிவிடும். இருவரும் படகில் தண்ணீர் ஆழமாக உள்ள பக்கத்துக்கு மெல்ல நகருங்கள், படகுக்காரர் வந்த வழியே கழியால் தள்ளுவார். இறங்கித் தள்ளும் நிலை வந்தால் செருப்போடு இறங்குங்கள். அடியில் கிடக்கும் சிப்பி ஓடுகளும், சில ஆண்டுகளாகப் பரவியிருக்கும் காக்கா ஆழி என்ற அயல்நாட்டுச் சிப்பியும் கத்திபோல் கிழிக்கும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். தூக்கி மிதித்தால் வால்முள் ஏறும். ஏறிவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அரை மணியாவது வைத்திருப்பது வலியைக் குறைக்கும், பிறகு ஆஸ்பத்திரிதான்.

முகத்துவாரத்துக்கு எந்தப் படகிலும் போகாதீர்கள். ஏரி வடியும் நேரத்தில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். அதே நேரம் பிற்பகல் காற்று அலையைக் கரையை நோக்கித் தள்ளும். இரண்டும் ஆழமில்லாத மணல்திட்டின் மேல் மோதும்போது அலை நின்ற இடத்திலேயே செங்குத்தாக எழுந்து உடையும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இழுப்பு இன்னும் கூடுதல். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைக் கோடுதான் தெரியும். அதுதான் புதியவரை ஏமாற்றுவது.

கரைக்கு வெளியே ஏதாவது ஆபத்து என்றால் 112, கடலோரக் காவல்படைக்கு 1554. இரண்டையும் இருவர் கைபேசியிலும் பதிந்துவையுங்கள்.

பூநாரையிடம் எவ்வளவு கிட்டே

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து வடிகட்டித் தின்னும். கூட்டம் முழுக்கத் தலை கவிழ்ந்திருக்கும் வரை உங்கள் படகு அதற்கு ஒரு பொருட்டில்லை. முதலில் ஓரத்தில் நிற்கும் நான்கைந்து தலைகள் நிமிரும். அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். அடுத்து எல்லாத் தலையும் நிமிர்ந்து, கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். அப்போது நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். அதற்கும் மேலே போனால் தண்ணீரில் ஓடி எழும். இறக்கையின் சிவப்பைப் படம் பிடிக்க விரட்டிவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வலசைக்கு முன் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரத்தில் ஒவ்வொரு வீண் பறத்தலும் அதற்குச் செலவு. எப்படியும் அது தானாகவே இடம் மாறும். 200 மீட்டரில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கால்மணி காத்திருங்கள், சிவப்பும் கறுப்புமான இறக்கை தானே விரியும்.

எல்லாம் ரோஜா நிறமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இளம் பறவைகள் அழுக்குச் சாம்பல், நிறம் ஏற ஆண்டுகள் ஆகும். அலகு இளஞ்சிவப்பாக, நுனி மட்டும் கறுத்திருந்தால் பெரிய பூநாரை. அலகு முழுக்கக் கரும்சிவப்பாக, உடல் சிறிதாக இருந்தால் சிறிய பூநாரை. அது அபூர்வம், நேரத்தோடு குறித்துவையுங்கள்.

கூழைக்கடா, சங்குவளை நாரை, நீர்க்காகம், செம்பருந்து இவற்றைத் தேட வேண்டியதில்லை, அவையே வந்து போகும். வலைக்கழிகளின் உச்சியைப் பாருங்கள். ஆலாக்கள் கழிக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும், வகை பிரித்துப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

சாலைப் பகுதி

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் கிழக்கு மேற்காகக் கடக்கிறது. இரு பக்கமும் தண்ணீர், அல்லது கோடையில் தண்ணீராக இருந்த இடம். இதைப் படகுக்கு முதல் நாள் மாலையில் 4:30 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஏப்ரலிலிருந்து சூரியன் சற்று வடக்கே சாய்ந்து உதித்து, சாய்ந்து மறைவதால், காலையானாலும் மாலையானாலும் சாலையின் தென்பக்கத்தைப் பார்த்தால் வெயில் முதுகுப்பக்கமாக இருக்கும். வண்டியை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கிப் பார்த்தால் பறவைகள் அசையாது. கதவைத் திறந்ததும் எழும். வேகமாகப் போகும் பேருந்துகள் உண்டு, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முக்காலி வைக்காதீர்கள். விண்வெளி மையத்தின் காவல் சாவடிக்கு முன்பே திரும்பிவிட வேண்டும், அங்கே கேமராவை வெளியே எடுக்கவும் வேண்டாம்.

காய்ந்த உப்புத்தரையில் இறங்கி நடக்கும் ஆசை வரும். மார்ச் முதல் ஜூன் வரை உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான், சிறு ஆலா எல்லாம் திறந்த தரையிலேயே முட்டையிடும். கூடு என்று ஒன்று இருக்காது, கூழாங்கல் நிற முட்டை கூழாங்கற்களுக்கு நடுவே கிடக்கும். ஒரு சிறு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் உங்கள் முன் நொண்டி நொண்டி ஓடினால், நீங்கள் முட்டைக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். நின்ற இடத்திலிருந்து தரையைப் பார்த்துப் பார்த்து வந்த தடத்திலேயே திரும்புங்கள். கொஞ்ச நேரம் தாய்ப்பறவை விலகியிருந்தால் போதும், அந்த வெயிலில் முட்டை வெந்துவிடும்.

நேலப்பட்டு

படகு முடிந்து 10 மணிக்குக் கரையேறியவர்களுக்கு வெயில் தாழும் வரை விடுதிதான். மாலை 4 மணிக்கு மேல் சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள நேலப்பட்டுக்குப் போகலாம். ஏரித் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் சரணாலயம் அது. மார்ச் வரை நிச்சயமாக நல்லது. ஏப்ரலில் தண்ணீர் இருந்தால் பறக்கப் பழகும் பெரிய குஞ்சுகளைப் பார்க்கலாம். தண்ணீர் வற்றியிருந்தால் வெறும் எச்சமும் மரமும்தான், விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பியதும் பைனாகுலரையும் கேமராவையும் உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். காய்ந்த உப்புத்தூள் கண்ணாடியின் பூச்சைக் கீறிவிடும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அவற்றின் உடலை ஒற்றி எடுத்து, கண்ணாடிக்கு முதலில் ஊதும் பல்பால் தூசை ஊதி, அதன்பிறகு மென்துணி. செருப்பின் அடியிலும் பை வாரிலும் ஒட்டிய சேற்றையும் சிறு சிப்பிகளையும் அங்கேயே சுரண்டி உதறிவிடுங்கள். காக்கா ஆழி அடுத்த கழிமுகத்துக்குப் போக உங்கள் செருப்பு வண்டியாக வேண்டாம்.